பாடியவர் பெயர் எங்கே? நாட்டார் இசை ‘கண்டறியப்பட்ட’ வரலாறு

1871ஆம் ஆண்டு சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. சார்லஸ் ஈ. கோவர் தொகுத்து மொழிபெயர்த்த ‘தென்னிந்திய நாட்டுப்பாடல்கள்’ என்பது அந்நூல். கன்னடம், படகம், குடகு, தமிழ், மலையாளம், தெலுங்கு எனப் பகுக்கப்பட்ட அதில் திருக்குறளுக்கென்று தனியே ஓர் இயல் உண்டு. திருக்குறளை நாட்டுப்பாடலாக ஒருவர் வகைப்படுத்தியிருப்பது இன்றைய தமிழ் மாணவருக்கு வியப்பைத் தரலாம். கன்னடப் பகுதியில் இதனினும் நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே இடம்பெறுபவை பெரும்பாலும் தாசர் பதங்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசரின் பதங்கள் ‘புரந்தர விட்டல’ என்னும் முத்திரையைத் தாங்கி வருபவை. இயற்றியவரின் அடையாளம் பாட்டின் உடலுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. இருந்தும் அவை ‘நாட்டுப்பாடல்’ என்னும் பொதுப்பெயரின்கீழ் வந்து சேர்ந்தன.

கோவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. எளிய மக்களின் மனத்தை அவர்கள் பாடும் பாட்டில்தான் காண முடியும் என்று அவர் நம்பினார். தென்னிந்திய மக்களையும் மொழிகளையும் ஆரிய மரபோடு உறவுபடுத்தும் ஒரு கருத்தையும் அவர் கொண்டிருந்தார். பாடல்கள் அக்கருத்துக்குச் சான்றாகப் பயன்பட வேண்டியிருந்தது. ஒரு பாட்டு சான்றாக மாறும்போது அது யாருடைய பாட்டு என்னும் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அது எந்த இனத்தின் பாட்டு, எந்த மொழியின் பாட்டு என்பதே முன்னுக்கு வருகிறது.

இந்தப் பார்வை ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்டர் 1773இல் எழுதிய கட்டுரையொன்றில் ‘மக்கள் பாடல்’ என்னும் பொருள்தரும் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1778, 1779ஆம் ஆண்டுகளில் பல நாட்டுப் பாடல்களை இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் ஓர் ஆன்மா உண்டு, அது அவர்களின் பாட்டில் ஒலிக்கிறது என்பது அவர் கொள்கை. உலக மக்கள் அனைவரின் பாட்டையும் மதிக்கத் தூண்டிய பெருங்கருத்து இது. ஆனால் ஒரு மக்கள் கூட்டமே பாடுகிறது என்று சொல்லத் தொடங்கியபின், அக்கூட்டத்துள் வாய்திறந்து பாடிய ஒருத்தியின் பெயர் தேவையற்றதாகிவிட்டது. ‘நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை’ என்று இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படும் வரையறைக்கு இத்தகைய பின்னணியும் உண்டு.

தமிழிலும் இதன் தடயங்களைக் காணலாம். 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்ட ‘மலையருவி’ ஆங்கிலேய ஆட்சிப்பணியாளர் பெர்சி மாக்வீன் சேகரித்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த தொகுப்பு. அந்நூலை நாம் இவ்விருவர் பெயராலேயே நினைவுகூர்கிறோம். அவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. அவர்கள் இல்லையேல் அப்பாடல்கள் அச்சேறியிரா. எனினும் ஏற்றம் இறைத்தும் நாற்று நட்டும் அவற்றைப் பாடிக்கொடுத்தவர்களின் பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றில் இல்லை.

ஏட்டிலும் தாளிலும் எழுதப்பட்டவரை பாட்டின் சொல் மட்டுமே பயணம் செய்தது. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தபின் குரலே பயணம் செய்யத் தொடங்கியது. 1890இல் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மேய்ன் மாநிலத்தின் பாசமக்குவாடி தொல்குடியினரிடையே அக்கருவியை எடுத்துச் சென்று மெழுகு உருளைகளில் பாடல்களையும் கதைகளையும் பதிந்தார். களப்பதிவு என்னும் ஆய்வுமுறையின் தொடக்கம் அது. 1899இல் வியன்னாவிலும் 1900இல் பெர்லினிலும் ஒலி ஆவணகங்கள் எழுந்தன. பெர்லின் ஆவணகத்தின் முதற்பதிவுகள், அந்நகருக்கு வந்திருந்த சயாம் நாட்டு இசைக்குழுவினரிடம் கார்ல் ஷ்டும்ப் எடுத்தவை. உலகின் இசை முழுவதையும் ஒரே கட்டடத்தின் அலமாரிகளில் அடுக்கிவிடலாம் என்னும் கனவு அங்கே உருக்கொண்டது.

அக்கனவின் இருண்ட பக்கத்தை முதல் உலகப்போர் காட்டியது. 1915இல் பிரஷ்ய அரசு ஓர் ஒலிப்பதிவு ஆணையத்தை அமைத்தது. போர்க்கைதிகள் அடைக்கப்பட்ட முகாம்களுக்கு மொழியியலாளர்களும் இசையியலாளர்களும் சென்றனர். பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் இருந்த ‘பிறைநிலா முகாமில்’ பிரித்தானியப் படையில் சேர்ந்து பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். அவர்களின் பேச்சும் பாட்டும் தட்டுகளில் பதியப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது: பெயர், பிறந்த ஊர், சமயம், தொழில். பெயர் எழுதப்படவில்லை என்னும் குறை அங்கே இல்லை.

மல் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய் 1916இல் பதிவுக்குழலின் முன் நின்று பேசினார். தம்மைப் பற்றியே பேசியும் தன்மையிடத்தில் பேசவில்லை. இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் இந்தப் போருக்குள் வந்து சிக்கிக்கொண்ட கதையைப் படர்க்கையில் சொன்னார். அவன் ஊர் திரும்பினால்தான் அந்த உணவு மீண்டும் கிடைக்கும் என்றார். மொழியியல் மாணவருக்கு அது ஒரு பஞ்சாபி ஒலிமாதிரி. கேட்கும் மனிதருக்கு அது வீடு திரும்பக் கேட்கும் விண்ணப்பம். பெயர் பதிவாகியிருந்தாலும், மறுக்க முடியாத இடத்தில் நின்று பாடியவரின் குரலை எப்படிக் கேட்பது என்னும் வினா இப்பதிவுகளோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிறையும் கம்பிவேலியும் இல்லாத இடத்திலும் பாடியவர் இழக்கலாம். அதற்குத் தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டாவின் வாழ்வு சான்று. சூலு மொழி பேசிய அவர் 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் தம் குழுவினருடன் ‘ம்புபே’ என்னும் பாடலைப் பதிவு செய்தார். அச்சொல்லுக்குச் ‘சிங்கம்’ என்று பொருள். பாட்டின் உரிமையை அவர் 10 ஷில்லிங்கிற்கு விற்றதாகச் சொல்லப்படுகிறது. அந்த இசைத்தட்டு ஆலன் லோமாக்ஸ் வழியாக அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் கையை அடைந்தது. ‘அவன் ஒரு சிங்கம்’ என்று பொருள்படும் ‘உயிம்புபே’ என்னும் சூலுத் தொடர் சீகரின் செவிக்கு ‘விமோவே’ என்று கேட்டது. முன்னொட்டின் உகரமும் யகரமும் ஒன்றாய் மயங்கி வகரமாயின. மூக்கொலியோடு சேர்ந்த பகரம் வெறும் மகரமாயிற்று. ஈற்றசையின் பகரம் மறுபடியும் வகரமாயிற்று. ஒரு மொழியின் வாக்கியம் இன்னொரு மொழியில் பொருளற்ற ஓசையாக மாறிய இத்தகைய நிகழ்வைப் படிப்படியாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

பொருள் உதிர்ந்ததும் பெயரும் உதிர்ந்தது. பாட்டு ஆப்பிரிக்க மரபுப் பாடலாகக் கருதப்பட்டது. 1961இல் அதன் ஆங்கில வடிவம் உலகப்புகழ் பெற்றது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். வால்ட் டிஸ்னியின் 1994ஆம் ஆண்டுச் சிங்கராஜா திரைப்படத்திலும் அப்பாட்டு ஒலித்தது. நீண்ட வழக்காடலுக்குப்பின் 2006இல்தான் அவர் மகள்களுக்கு ஓர் உடன்பாட்டின்வழி உரிமைத்தொகை கிடைத்தது. ‘மரபுப் பாடல்’ என்னும் இரு சொற்கள் ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிக்கவல்லவை என்பதை அவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

தென்னிந்தியாவின் ஒலிப்பதிவு வரலாறு இந்த உலக வரலாற்றின் ஒரு கிளையாகவே வளர்ந்தது. கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வுத் திட்டம் சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் தன் நேரடிக் கணக்கெடுப்பில் சேர்க்கவில்லை. பின்னர் நெதர்லாந்தில் 1899இல் பிறந்த அர்னால்டு பாக்கே வந்தார். 1925இல் சாந்திநிகேதன் வந்து இந்திய இசை கற்ற அவர், 1938இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து ஒலிநாடாவிலும் படச்சுருளிலும் பாடல்களையும் ஆட்டங்களையும் சடங்குகளையும் பதிந்தார். பின்னர் லண்டனில் ஆசிரியராகி 1963இல் மறைந்தார். பதிவுகள் ஐரோப்பாவில் தங்கின. பாடியவர்களின் ஊர்களில் அவற்றைக் கேட்க வழியில்லை.

பாக்கேயின் மாணவர் நசீர் ஜைராஸ்போய் 1984இல் ஏமி கேட்லினுடன் இந்தியா வந்தார். ஆசிரியர் நடந்த தடத்திலேயே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் பயணம் செய்து, பழைய பதிவுகளுக்குரிய ஊர்களையும் கலைஞர் மரபினரையும் தேடினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒலி அது பிறந்த மண்ணுக்குத் திரும்பி வந்தது. எவை நிலைத்தன, எவை உருமாறின என்பதே அம்மறு ஆய்வின் மையக் கேள்வி. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1982இல், அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் இனவிசையியலுக்கான ஆவணக ஆய்வு மையத்தை இந்தியாவில் நிறுவியிருந்தது. இந்தியாவில் பதியப்பட்டு வெளிநாடு சென்ற ஒலிகளின் படிகள் இந்தியாவிலேயே கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. ‘கண்டறிதல்’ என்னும் சொல்லுக்கு எதிர்த்திசையில் ‘திருப்பித் தருதல்’ என்னும் சொல் ஆய்வுலகில் வலுப்பெற்ற காலம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பழைய பதிவில் இருக்கும் கலை இன்று ஊரில் இல்லையென்றால் ஆய்வாளர் வருந்துகிறார். அது அழிவா, விடுதலையா என்று கேட்பதற்கு முன்பே வருந்திவிடுகிறார். தமிழகத்தில் பறையும் கர்நாடகத்தில் தமட்டையும் சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்காக இசைக்கப்பட்டவை. அவற்றை அடிப்பது விருப்பமாக இல்லாமல் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று தலித் மக்கள் மறுத்த ஊர்கள் பல. ஒலி ஆவணகத்தின் கணக்கில் அது இழப்பு. மறுத்தவர்களின் கணக்கில் அது மானம். நாட்டார் இசையின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாவது கணக்கையும் எழுதியாக வேண்டும்.

1970களின் கர்நாடகத்தில் தலித் சங்கர்ஷ சமிதி வளர்ந்தபோது அதே வாத்தியமும் அதே பாட்டுமுறையும் வேறு பொருளோடு மேடையேறின. பின்னாளில் பெங்களூர்ப் பல்கலைக்கழகக் கன்னடப் பேராசிரியராக விளங்கிய கவிஞர் சித்தலிங்கையாவின் ‘ஹொலெமாதிகர ஹாடு’ 1975இல் வெளிவந்தது. ஹொலெயர், மாதிகர் என்னும் இரு தலித் சமூகங்களின் பெயரைத் தலைப்பிலேயே ஏந்திய கவிதைநூல் அது. அவர் பாடல்கள் ஊர்வலங்களில் பாடப்பட்டு, எழுதியவர் யாரென்று அறியாதவர்களின் வாயிலும் புழங்கின. கூட்டத்தின் பாட்டுக்கு ஆசிரியர் இருக்க முடியும் என்பதற்கும், ஆசிரியர் உள்ள பாட்டு கூட்டத்தின் பாட்டாக முடியும் என்பதற்கும் இதைவிட அண்மைச் சான்று வேண்டியதில்லை. சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் அவ்விருது அறிவிக்கப்பட்டது. கட்டாயத்தால் ஒலித்த கருவி கலைஞரின் பெயரோடு ஒலிக்கத் தொடங்கியதற்கான அடையாளங்கள் இவை. ஆனால் விருதுப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஊர்களில் அக்கட்டாயம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று இதனால் முடிவுகட்டிவிட இயலாது.

இந்த நெடிய வரலாற்றின் பல இழைகளும் ஒன்றுகூடும் நகரமாகப் பெங்களூர் இருக்கிறது. நகரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ராமநகரத்துக்கு அருகே ஜானபத லோகா உள்ளது. ஆட்சிப்பணி அதிகாரியாக இருந்த எச். எல். நாகேகவுடா 1979இல் கர்நாடக ஜானபத பரிஷத்தை நிறுவி, 1994இல் இவ்வளாகத்தைத் திறந்தார். கருவிகள், பொம்மைகள், உழவுப் பொருள்களோடு பாடல்களின் ஒலி, ஒளிப் பதிவுகளும் அங்கே சேர்க்கப்பட்டன. கோவரைப் போலவே இவரும் தொகுப்பாளர்தாம். ஆனால் தொகுத்ததை அந்த மொழி பேசும் மக்கள் வந்து பார்க்கும் தொலைவில் வைத்தார். அங்கே கலைஞர்கள் தம் பெயரோடு மேடையேறவும் இடம் அமைந்தது.

நகருக்குள் 2003இல் சிருஷ்டி கலை வடிவமைப்புக் கல்லூரியில் ஷப்னம் விர்மானி கபீர் திட்டத்தைத் தொடங்கினார். 15ஆம் நூற்றாண்டுக் கவிஞரைத் தேடிப் புறப்பட்ட அத்திட்டம் ஏடுகளோடு நின்றுவிடாமல் பாடுவோரிடம் சென்றது. மத்தியப் பிரதேசத்தின் மால்வாப் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த பிரகலாத் சிங் திபானியா, ராஜஸ்தானின் முக்தியார் அலி, கராச்சியின் கவ்வாலிப் பாடகர் ஃபரீத் அயாஸ் என எல்லை கடந்த பாடகர்கள் அதன் நான்கு ஆவணப்படங்களில் பெயரோடும் முகத்தோடும் வீட்டோடும் இடம்பெற்றனர். அவர்களிடையே உள்ள முரண்களும் மறைக்கப்படவில்லை. பின்னர் ‘அஜப் ஷஹர்’ என்னும் இணைய ஆவணகத்தில் பாடல்களும் மொழிபெயர்ப்புகளும் பொதுவில் வைக்கப்பட்டன.

கபீரின் பாடல்களில் ‘கபீர் சொல்கிறான்’ என்னும் முத்திரைவரி அடிக்கடி வரும். கிழக்கில் பீஜக், ராஜஸ்தானில் கிரந்தாவளி, பஞ்சாபில் குரு கிரந்த சாகிப் என அவருடைய பாடல்களுக்கு மூன்று எழுத்துமரபுகள் உள்ளன. மூன்றும் பெரிதும் வேறுபடுகின்றன. வாய்மொழியில் கிடைப்பவை இன்னும் மிகுதி. அப்படியானால் அந்த முத்திரைவரி யாருடைய கையொப்பம்? பாடுபவர் கபீரின் பெயரைச் சொல்லித் தம் காலத்தின் சொல்லைச் சேர்க்கிறார். இயற்றியவர், பாடுபவர் என்னும் இருவரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். புரந்தரதாசரின் முத்திரையைத் தாண்டிச் சென்ற 1871ஆம் ஆண்டின் வகைப்பாட்டால் கேட்க இயலாததை இந்தக் களப்பணியால் கேட்க முடிந்தது.

2019இல் ஜே.பி. நகரில் திறக்கப்பட்ட இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம் நாட்டார் இசையையும் செவ்வியல் இசையையும் திரையிசையையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. அதன் ஒலித்தோட்டத்தில் சிறுவர்கள் கல்லையும் உலோகத்தையும் தாங்களே தட்டி ஓசை எழுப்புகிறார்கள். கையிலிருக்கும் தொலைபேசியிலோ துவாவின் மிடற்றிசையும் மாலியின் கோராவும் மாங்கணியாரின் கமாய்ச்சாவும் மாதேசுவரன் கதைபாடுவோரின் கம்சாளேயும் ஒரு நொடியில் கிடைக்கின்றன. உலகின் இசையைத் தேடிக் கப்பலேற வேண்டிய காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் திரைகளிலும் பல பாட்டுகளுக்குக் கீழே ‘மரபுவழி’ என்னும் பழைய சொல்லே நிற்கிறது. மெழுகு உருளை மறைந்தாலும் அதன் மேலுறையில் எழுதும் பழக்கம் மறையவில்லை.

அப்பழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கு, 1890இல் பதியப்பட்ட பாசமக்குவாடி உருளைகளின் பிற்கால வரலாறே வழிகாட்டுகிறது. நோயல் ஜோசஃப்ஸ், பீட்டர் செல்மோர் முதலியோர் அன்று பாடிய பாட்டுகள் நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற நிறுவனங்களின் பாதுகாப்பில் இருந்தன. அண்மை ஆண்டுகளில் அம்மக்களின் மரபுக் காவலர்கள் தேய்ந்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொற்களை மீட்டெடுத்தனர். நூலகப் பட்டியலில் ஆய்வாளர் இட்ட தலைப்புகளோடு அம்மொழியின் தலைப்புகளும் சேர்ந்தன. எதை யாவரும் கேட்கலாம், எதைக் கேட்க மக்களின் இசைவு வேண்டும் என்னும் குறிப்புகளும் இணைக்கப்பட்டன. பழைய பாட்டுகள் சில மீண்டும் ஊரில் பாடப்படுகின்றன.

பெங்களூரிலும் சென்னையிலும் மதுரையிலும் நாட்டார் வழக்காற்றியல், மொழியியல், இசையியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் களத்துக்குச் செல்கிறார்கள். அவர்களின் தொலைபேசிகளில் பதிவாகும் ஒலி நாளைய ஆவணகம். பாடியவர் பெயரை அவர் உச்சரிக்கும் வடிவிலேயே எழுதுவது, பதிவு எங்கெல்லாம் போகும் என்று பதிவுக்கு முன்பே சொல்வது, ‘இதைப் பாடமாட்டேன்’ என்று அவர் சொன்னால் அந்த மறுப்பையும் ஆய்வுத்தரவாக மதித்துக் குறிப்பது, முடிவில் ஒரு படியை அவர் வீட்டில் கொடுப்பது ஆகிய நான்கும் செலவில்லாதவை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘தகவலாளர்கள்’ என்னும் தலைப்பின்கீழ் வயதும் சாதியும் ஊருமாகச் சுருங்கிக் கிடப்பவர்களைப் பாடலின் தலைப்புக்கு அடுத்த வரிக்குக் கொண்டுவர ஒரு துறைக்குழுவின் தீர்மானமே போதும்.